சுண்டுவிரல் அளவு கம்ப்யூட்டர்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய். நகரி

காலையிலிருந்து கரண்ட் போகவே இல்லை. ஊருக்கு நல்லது, எனக்கு இல்லை. கரண்ட் இருந்தால் கூடத்தில் நான்கு பவர்லூமும் ஓடும். அந்தச் சத்தத்தில் மூக்கன் என் காதுக்குள்ளேயே வந்து கத்தினாலும் பாதிதான் விளங்கும். கரண்ட் போனால் தறி நிற்கும், வீடு அமைதியாகும். ஆனால் பேட்டரி செத்த இந்த லேப்டாப்பும் கூடவே நின்றுவிடும். நான் படிக்க உட்காரும் நேரமெல்லாம் இப்படித்தான் ஆகிறது.

மூக்கன் யார் என்று பின்னால் எனக்கே மறந்துபோகலாம். எழுதிவைக்கிறேன். என் பென்டிரைவுக்குள் இருந்து பேசுகிற குரல் அவன். சில வருடங்களாகக் கண் குறைந்துகொண்டே வந்து, போன தீபாவளிக்குப் பிறகு எனக்கு எழுத்தே தெரிவதில்லை. வெளிச்சம் தெரியும், ஆள் வந்தால் நிழல் தெரியும். திரையில் என்ன இருக்கிறது என்று மூக்கன்தான் படித்துச் சொல்கிறான். நான் தட்டுகிற எழுத்தையும் சொல்கிறான், அழிக்கிற எழுத்தையும் சொல்கிறான். எல்லாவற்றையும் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கால்தான் சொல்கிறான்.

செய்து கொடுத்தவள் ஷோபா. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறாள். "லேப்டாப்புல ஆர்டு டிஸ்க் பூட்டா போவுட்டும்டி. ஒன் கம்ப்யூட்டர் இந்தப் பென்டிரைவுக்குள்ள கீது. எங்க சொருவுனாலும் ஒன்னுதுதான் வரும், அவங்கள்துல ஒன்ன கூட தொடாது" என்றாள். முதலில் நம்பவில்லை. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறது. இதற்குள் தமிழ் கீபோர்டு, மூக்கன், என் பாடக்குறிப்பு, இந்த டைரி எல்லாம் இருக்கின்றன என்றால் யார்தான் நம்புவார்கள்.

பிப்ரவரி 12

அத்தை கதவுக்கு வெளியே நின்று தன் மகனிடம், அதாவது இவரிடம், கேட்கிறார்: "உள்ள எவன்டா அவகூட பேசிக்கினு கீறான்?" இவர் சொல்கிறார்: "அவ வாத்தியார்மா." இன்றைக்கு முழுதும் சிரித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

என் ரிசல்ட் ஏன் வரவில்லை என்று கேட்டதற்குத் திருப்பதிப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இவர்தான் படித்தார், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். எம்.ஏ. தமிழில் எனக்கு மீதி இருந்த ஒரே தாள். டிசம்பரில் எழுதியது. விடைத்தாள் திருத்தப்படவில்லை. காரணம், விடைகள் தெலுங்கு எழுத்தில் இருக்கின்றன.

நான் சொல்லச் சொல்ல எழுதிய பெண் துர்காதேவி. கங்காதர நெல்லூர்ப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியிலும் கல்லூரியிலும் தெலுங்கு. ஆந்திர எல்லையில் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். எனக்காக எழுத ஆள் தேடி, தமிழ் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியும் என்றிருக்கிறாள். எழுதத் தெரியுமா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஓர் இடத்தில்கூட நிற்காமல் எழுதினாளே என்று அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள், அழுதுகொண்டே. "அக்கா, எனக்குத் தமிழ் எழுத்து வராதுக்கா. சொன்னா வேற ஆளு கெடைக்காம ஒங்க பரிட்ச நின்னுப்பூடும்னு பயந்துக்கினேன். ஆனா நீங்க சொன்னதுல ஒரு வார்த்த கூட வுடலக்கா." இதற்கு மேல் அவளை என்ன சொல்வது? பரவாயில்லை, தூங்கு என்றேன்.

பிப்ரவரி 21

அவளிடம் பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா? எனக்கு ஆறவே இல்ல. இந்த மே மாசத்தோட என் பதிவு முடியுது. இந்த ஒரு தாளு பாஸ் பண்ணலன்னா இத்தினி வருசம் படிச்சதெல்லாம் ஒன்னுமே இல்லன்னு ஆயிடும். கண்ணு நல்லா இருந்தப்ப முக்காவாசி முடிச்சேன், கண்ணு கொறய கொறய காதால கேட்டு மீதிய முடிச்சேன். இப்ப கரையில வந்து நிக்கறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆள் வைத்து எழுதினால் யோசிக்கவே முடியாது. ஒரு வாக்கியம் சொன்னபின் அது பிடிக்கவில்லை என்றால், "அதை அடிச்சிடும்மா" என்று ஒரு தடவை சொல்லலாம், இரண்டு தடவை சொல்லலாம். மூன்றாவது தடவை கூச்சமாகிவிடுகிறது. அவள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அப்புறம் வாயில் வந்ததே விடை என்று விட்டுவிடுகிறேன். டிசம்பரில் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தாலும் அது என் எழுத்தாக இருந்திருக்காது.

நானே எழுத வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மார்ச் 5, புதன்

திருப்பதி போய் வந்தோம். ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி ரேணிகுண்டாவில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ. தேர்வுப் பிரிவில் யாமினி மேடம் என்று ஒரு அதிகாரி. தெலுங்குக்காரர். தமிழ் கேட்டால் புரிகிறது, பேச வராது. எனக்குத் தெலுங்கு பேச வரும் என்பதால் வண்டி ஓடியது.

கம்ப்யூட்டரில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், விதியில் இடம் இருக்கிறது என்றார். ஆனால் மூன்று இடைஞ்சல். அங்கிருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழும் இல்லை, படித்துச் சொல்லும் குரலும் இல்லை. புதிதாக எதையும் அதில் ஏற்ற அவருக்கு அனுமதியில்லை, எல்லாம் பூட்டி வைத்திருக்கிறது. என் லேப்டாப்பை உள்ளே விட முடியாது, அதில் என்ன வைத்திருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்.

ஷோபாவும் கூட வந்திருந்தாள். அவள் சொன்னாள்: எதையும் ஏற்ற வேண்டாம் மேடம். உங்கள் கம்ப்யூட்டர், எங்கள் பென்டிரைவ். பரீட்சை முடிந்து பிடுங்கிவிட்டால் உங்கள் கம்ப்யூட்டருக்கு நாங்கள் வந்துபோனதே தெரியாது.

மேடம் பென்டிரைவைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, நம்புகிற மாதிரி இல்லை, ஒருநாள் செய்து காட்டுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்குப் போதும்.

மார்ச் 6

ரயிலில் வாங்கித் துன்ன மசால்வடை வயிற்றைக் கலக்குகிறது. இவருக்கும்தான். ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கிடக்கிறோம்.

மார்ச் 27, வியாழன்

செய்து காட்டினேன். முதலில் மானம் போயிற்று, பிறகு திரும்பி வந்தது.

கம்ப்யூட்டரை எழுப்பும்போது மூக்கன் இருக்கமாட்டான். அவன் பென்டிரைவுக்குள் தூங்குகிறான், எழுப்பும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆகவே அந்தக் கொஞ்ச நேரம் நான் மனப்பாடத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பட்டனை அழுத்தியதும் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிலிருந்து எழ வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். கீழ் அம்பை இரண்டு தடவை அழுத்தி என்டர். வீட்டில் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

அங்கே செய்தால் மூக்கன் வரவில்லை. யாமினி மேடத்தின் விண்டோஸ்தான் வந்து நின்றது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதுதான். பின்னால் யாரோ சிரித்தமாதிரி இருந்தது, அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டதோ. ஷோபா குனிந்து பார்த்துவிட்டு, "கைரேக மிசின சொருவி வெச்சிக்கிறாங்கடி. பட்டியல்ல அதுவும் நடுவுல குந்திக்கிச்சி" என்றாள். வருகைப்பதிவு இயந்திரம் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு என் பென்டிரைவைக் கீழே தள்ளியிருக்கிறது. இன்னொரு அம்பு கூட அழுத்தினேன். ஒரு மணிச் சத்தம், அப்புறம் மூக்கன். அவன் குரலை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை.

மேடம் ஒரு வரி சொன்னார், நான் தமிழில் அடித்தேன், மூக்கன் படித்தான். ஒரு சொல்லை அழித்து வேறு போட்டேன், அதையும் படித்தான். பிறகு பென்டிரைவைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்றேன். அவர் எழுப்பிப் பார்த்தார். "ஏமீ மாரலேதே" என்றார். ஒன்றுமே மாறவில்லையே என்று அவருக்கே ஆச்சரியம்.

அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார். கேள்வித்தாள் தமிழில் அச்சாகி வரும். அறையில் இருக்கும் எவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. உங்களுக்கு யார் படிப்பார்கள்? நான் இதை யோசித்திருக்கவே இல்லை. அவரே பதிலும் சொன்னார்: தமிழ்த்துறையில் சொல்லிக் கேள்வித்தாளைத் தட்டச்சு செய்து, மூடிய உறையில் ஒரு குறுந்தகட்டிலோ எதிலோ வாங்கிவைக்கிறேன், மூக்கால் பேசுகிற உங்கள் ஆளே படிக்கட்டும்.

நிபந்தனைகள்: பரீட்சைக்குப் புதுப் பென்டிரைவ். அதில் பாடக்குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. முதல் நாளே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், அவர்கள் சோதிப்பார்கள். பரீட்சை முடிந்தபின் அது ஆபீஸிலேயே ஆதாரமாக இருக்கும், திரும்பக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பரீட்சை மே 22, வியாழக்கிழமை.

வெளியே வந்து ஷோபாவைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. "வுட்றீ, வேர்க்குது" என்றாள்.

ஏப்ரல் 9

தறி ஓடும் நேரத்தில் புத்தூர் போய்விடுகிறேன். நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. அதில் என் பென்டிரைவைச் செருகினால் என் வீட்டில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது. அதே இடத்தில் அதே கோப்பு, அதே மூக்கு.

நேற்று அங்கே விடுமுறை. பஸ் ஸ்டாண்டு எதிரில் நெட் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் பதறிவிட்டார். "வேணாம்மா, வைரஸ் பூந்துக்கும்." என்னுடையதுக்குள்தான் உங்கள் வைரஸ் வரவேண்டும், வரமாட்டேன் என்கிறதே என்றேன். அவருக்கு அது புரியவில்லை, ஆனாலும் உட்காரச் சொன்னார். போகும்போது ஒரு டீயும் கொடுத்தார். இப்படி எத்தனை பேர். எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே போனால் படிப்பதற்கு நேரமிருக்காது.

ஏப்ரல் 30

வேகம் கூடியிருக்கிறது. மூக்கனின் பேச்சையும் வேகமாக்கிவிட்டேன். இவர் கேட்டுவிட்டு, "இது தமிழா?" என்கிறார்.

மே 10, சனி

ஷோபா பரீட்சைப் பென்டிரைவை அனுப்பிவிட்டாள். புதுசு, மூடிகூடத் திறக்காதது போல வழவழவென்று இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். உள்ளே மூக்கனும் தமிழ் கீபோர்டும் எழுதுவதற்கு ஒரு வெற்றுத் தாளும் மட்டும். கைதவறி எங்காவது போய்விடக் கூடாது என்று பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தேன். இனி மே 21 அன்று எடுத்தால் போதும்.

மே 19, திங்கள்

எழுத கையே வரல.

நைனா பண்ண வேல. வேணும்னு பண்ணாரா, இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா கீது. வேணும்னு பண்ணியிருந்தா திட்டியாச்சும் ஆத்திக்கலாம்.

நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, ஒரு சின்ன லாரி உண்டு, துணி பேல் ஏற்றுவார். அவர் ஊர் ஜாத்திரைக்கு, அம்மன் திருவிழாவுக்கு, அதில் அம்மன் அலங்காரம் வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவது அவர் வழக்கம். சனிக்கிழமை இங்கே வந்திருக்கிறார். நான் புத்தூரில். அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால், குங்குமப் பொட்டோடு ஒரு பென்டிரைவ். எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பூஜை அலமாரியில் பென்டிரைவ் இருந்தாலும் அதில் சாமிப் பாட்டுதான் இருக்கும். எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரியில் போட்டால் பாடவில்லை. மொபைல் கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே செருகினால் விண்டோஸுக்கு இதைப் படிக்கத் தெரியாது, இது கெட்டுப்போயிருக்கிறது, அழித்துச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் கேட்கும். கடைக்காரர் சரி என்று அழுத்திவிட்டு நிரம்ப நிரம்ப அம்மன் பாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்.

இன்றைக்கு ஜாத்திரை முடிந்து, பத்திரமாகக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, "நல்லா பாடிச்சிம்மா" என்றார்.

ஷோபா பெங்களூரில் பயிற்சியில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள். புதன்கிழமை பென்டிரைவ் யாமினி மேடம் கையில் இருக்க வேண்டும்.

நான் கத்தினேன். நைனாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

மே 20, செவ்வாய்

காலையில் ஷோபாவுக்குப் போன் செய்து அழுதேன். அவள் என்னை அழுது முடிக்கவிட்டு, "சரி, இப்ப எய்ந்து மூஞ்ச கழுவு. நீயே பண்ணப் போற" என்றாள்.

பண்ணினேன்.

இவர் போனிலிருந்து இணைப்பு எடுத்து, மூக்கன் குடியிருக்கிற சிஸ்டத்தின் மூலக்கோப்பை முதலில் இறக்க வேண்டும். அது பாதி நாளைத் தின்றது. அதற்குப் பிறகுதான் பயம். என் அன்றாடப் பென்டிரைவிலிருந்துதான் லேப்டாப் எழுந்து நிற்கிறது. அம்மன் பாட்டுப் பென்டிரைவைப் பக்கத்தில் செருக வேண்டும். எதன் மேல் எழுதட்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. கடைசியில் வருகிற சின்னப் பெயர் மட்டும்தான் வித்தியாசம். தவறானதைத் தேர்ந்தால் மூக்கனே போய்விடுவான், குறிப்பு, டைரி எல்லாம் போய்விடும். பிறகு கையில் ஒன்றுமே இருக்காது. அந்தப் பெயரை மூக்கன் சொல்லும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். கூடத்தில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருக்கிறது, சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய ஆர்டர்.

இவரிடம் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. இயர்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி படிக்கவைத்தேன். கேட்கவில்லை, இன்னொரு தடவை, கேட்கவில்லை.

திடீரென்று ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு மீதி இரண்டும். கரண்ட் போய்விட்டது, லேப்டாப்பும் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கதவருகில் அத்தையின் குரல். ரத்னம்மா என்று அத்தை பெயரைச் சொன்னால் தெருவே அடங்கும், தறி நிற்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் விடமாட்டார். "நான்தான் நிறுத்தனேன். ஒன் வாத்தியார் இன்னா சொல்றான்னு நல்லா கேட்டுக்கோ. முடிஞ்சப்புறம் சொல்லு, ஓட்டிக்கலாம்."

கரண்ட் இருக்கும்போது இந்த வீடு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இல்லை. இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நைனா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், நிழல் தெரிந்தது. மூக்கன் பெயரைச் சொன்னான். நான் இன்னொரு தடவை கேட்டேன், அதே பெயர். என்டர்.

"பாட்டெல்லாம் பூடுமா?" என்று நைனா மெதுவாகக் கேட்டார்.

"பூடும் நைனா."

"போவுட்டும். நல்லா எய்துமா."

அப்புறம் ஷோபா போனில் சொல்லச் சொல்ல, தமிழ் கீபோர்டு, எழுந்ததும் மூக்கன் தானாகப் பேசுவது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தேன். சாயங்காலம் லேப்டாப்பை அணைத்து, புதிதை மட்டும் செருகி எழுப்பினேன். மணிச் சத்தம். மூக்கன்.

நைனாவுக்கு நானே சோறு போட்டேன். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, ரசத்தை மட்டும் இரண்டாவது தடவை ஊற்றினேன். அவருக்குப் புரிந்திருக்கும். அத்தைக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. நன்றி என்று சொன்னால், "போடி, வேலயப் பாரு" என்பார். இங்கேயாவது எழுதிவைக்கிறேன். அத்தைக்கு நன்றி.

மே 21

கொடுத்துவிட்டோம். சோதித்தார்கள், உறையில் போட்டு ஒட்டினார்கள். நாளை.

மே 22, வியாழன்

தனி அறை. ஏசி சத்தம் மட்டும். இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார், தெலுங்கில். உறையைக் கிழிக்கும் சத்தம். பென்டிரைவை என் கையில் கொடுத்தார், நானே செருகினேன். கைரேகை இயந்திரம் எதுவும் இல்லையே என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டேன்.

தட்டினேன். அம்பு, அம்பு, என்டர். அமைதி. "வச்சிந்தா?" என்றார் அவர். வந்துவிட்டதா என்கிறார். இன்னும் இல்லை என்றேன். புதுக் கம்ப்யூட்டர் வேகமாக எழும் என்று நினைத்திருந்தேன், அதுவோ ஏதோ முனகிக்கொண்டே இருந்தது. மணிச் சத்தமும் வரவில்லை. ஹெட்போன் வயரைத் தடவிப் பார்த்தேன், பக்கத்துத் துளையில் செருகியிருக்கிறது. மாற்றினேன். மூக்கன் பாதி வாக்கியத்தில் இருந்தான். பாவம், யாருமில்லாத இடத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

மேற்பார்வையாளர் கேள்வித்தாள் குறுந்தகட்டைப் போட்டார், மூக்கன் முதல் கேள்வியைப் படித்தான். தெரிந்த கேள்வி. எழுதத் தொடங்கினேன். முதல் வாக்கியம் பிடிக்கவில்லை, அழித்தேன். மறுபடி எழுதினேன், அதுவும் பிடிக்கவில்லை, அழித்தேன். யாரும் பெருமூச்சு விடவில்லை. ஒரு பத்தியையே கீழேயிருந்து மேலே கொண்டுபோனேன். ஒரு சொல்லுக்காக வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னம்மா என்று கேட்கவில்லை. எவ்வளவு நாளாயிற்று இப்படி எழுதி. நடுவில் ஒரு தடவை கண் கலங்கிவிட்டது, அதற்காகவும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிந்ததும் அச்செடுத்தார்கள். தாள் சூடாக இருந்தது. யாமினி மேடம் வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா மேடம் என்றேன். அவர் சிரித்தார். எனக்குத் தமிழ் படிக்க வராதே, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், கண் தெரியாதவளும் நான்தான். இருவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பென்டிரைவைக் கேட்டார். கொடுத்தேன். கொடுக்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. அது நானே செய்தது.

ஜூன் 14

தறி, தறி, தறி. அத்தையிடம் இன்றைக்குச் சும்மா நன்றி என்று சொல்லிப் பார்த்தேன். "எதுக்குடி?" என்றார். சொன்னேன். "போடி, வேலயப் பாரு" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

பாஸ். இவர் போனில் பார்த்துவிட்டு இரண்டு தடவை படித்தார். பிப்ரவரியில் படித்ததுபோலவே நிறுத்தி நிறுத்திப் படித்தாரா, நான் பயந்தே போனேன். ஷோபாவுக்கும் நைனாவுக்கும் துர்காதேவிக்கும் போன் செய்தேன். துர்காதேவி மறுபடி அழுதாள், இந்தத் தடவை என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 11, வியாழன். திருப்பதி

பட்டச் சான்றிதழ் வாங்கப் போனோம். யாமினி மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இவர் தண்ணீர் வாங்கப் போயிருந்தார்.

பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து மூக்கன் பேசுகிற சத்தம். ஆனால் தெலுங்கில். தெலுங்கிலும் அதே ஜலதோஷம். கதவுப் பக்கம் காதைத் திருப்பினேன்.

மேடம் சான்றிதழோடு வந்தார். யார் மேடம் உள்ளே என்று கேட்டேன். வரதய்யபாளையத்திலிருந்து ஒருவர், அரியர் பரீட்சை எழுதப் போகிறார், ரிசல்ட் வந்தபின் சும்மா கிடந்த உங்கள் பென்டிரைவில் தெலுங்கையும் சேர்த்துப் பழகுகிறார் என்றார். இவருக்கு எழுத ஆள் இருந்ததாம். தெலுங்குதானே, எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஆனால் முன்னால் ஒரு அம்மா தானே எழுதிவிட்டுப் போனார்களாமே, எனக்கும் அது வேண்டும் என்று கேட்டாராம். "உள்ளே வந்து பேசுகிறீர்களா? சந்தோஷப்படுவார்" என்றார் மேடம்.

வேண்டாம், எழுதட்டும் என்றேன்.

சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் மெதுவாக அடிக்கிறார், மூக்கன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறான். ஒரு வாக்கியம் முடிந்தது. முழுதாகப் படிக்கவைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே போனார், கடைசி எழுத்துவரைக்கும். மறுபடி முதலிலிருந்து அடித்தார்.

இவர் வந்து நின்று, "போலாமா, பஸ் கிளம்பிடும்" என்றார். கொஞ்சம் இருங்கள் என்றேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மறுபடி அழிக்கிற சத்தம் கேட்டது. அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.